செக்கரம்மாவின் கிட்னி

காலையில் மருமகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்ததும் செக்கரம்மா கேட்கிற முதல் கேள்வி, "என் கிட்னி எப்படி இருக்கு?" என்பதுதான். தூங்கினாயா, தலைவலி விட்டதா என்பதெல்லாம் அதற்கப்புறம். கிட்னியைத் தானம் கொடுத்து வருடக்கணக்கில் ஆகிவிட்டது. ஆனாலும் அதைக் கொடுத்துவிட்டதாக அவள் என்றைக்குமே நினைத்ததில்லை. இரவல் விட்டிருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

செக்கரம்மா என்பது பட்டப்பெயர். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக, அதாவது செக்கராக, காலம் தள்ளி ஓய்வு பெற்றவள். எந்த நிறுத்தத்தில் ஏறுவாள் என்று டிரைவருக்கே தெரியாது. டிக்கெட்டை நீட்டுகிற கையை அவள் பார்க்க மாட்டாள். இன்னொரு கை என்ன செய்கிறது என்றுதான் பார்ப்பாள். அந்தக் கைதான் உண்மையைச் சொல்லும் என்பாள். வேலைதான் போயிற்றே தவிர, புத்தி போகவில்லை. கடைக்காரரின் தராசு, மகனுக்கு அவன் கம்பெனி போடுகிற ஓவர்டைம் கணக்கு, டிவியில் சொல்கிற வானிலை, எல்லாவற்றின் மேலும் சந்தேகம். மழை வரும் என்று டிவி சொன்னால், "இவனுக்கு யார் சொன்னது?" என்று கேட்பாள்.

மருமகள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத அளவுக்கு அமைதி. கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே அவளுடைய இரண்டு கிட்னியும் கையை விரித்துவிட்டன. டயாலிசிஸ் படுக்கையே கதி என்று ஆனது. பெற்றவர்கள் உயிரோடு இல்லை. புருஷனின் ரத்தம் சேரவில்லை. மாமியாரின் ரத்தம் சேர்ந்தது. "ஊர்ல ஒரு மாமியாருக்கும் மருமகளுக்கும் பொருந்தாது, எனக்குன்னு பாத்துப் பொருந்தித் தொலைஞ்சுது" என்று செக்கரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சும்மா சொல்லக்கூடாது, ஒரு நொடி கூட யோசிக்காமல் போய்ப் படுத்தாள். ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்.

"இத பாரு, பிள்ளை கிள்ளைன்னு நீ ஆசைப்படக் கூடாது. என் கிட்னி உன் ஒருத்திக்குத்தான் வேலை செய்யும். இன்னொரு உயிருக்கும் சேத்து உழைக்கச் சொன்னா அது படுத்துக்கும்."

கொஞ்ச காலம் போகட்டும், மாத்திரைகளை மாற்றிக் கொடுத்தால் குழந்தைக்கும் வழி உண்டு என்று டாக்டர் இழுத்தார். செக்கரம்மா அவரைப் பார்த்த பார்வையில் மனிதர் பேனாவை மூடிவிட்டார். மகன் அம்மா பக்கம் தலையை ஆட்டினான். மருமகளை யாரும் கேட்கவே இல்லை.

இப்படியாக வண்டி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த ரத்தப் பரிசோதனை குட்டையைக் குழப்பியது.

ஆஸ்பத்திரியின் உறுப்பு மாற்றுப் பிரிவில் அவ்வப்போது மருமகளின் ரத்தத்தை எடுத்து ஒரு பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அது என்ன ஏது என்று செக்கரம்மா முதல் தடவையே நர்ஸைக் குடைந்து எடுத்துவிட்டாள். நர்ஸும் சளைக்காமல் சொன்னாள். "நம்ம உடம்புல தினமும் செல்லுங்க செத்துக்கிட்டேதாம்மா இருக்கும். சாகும்போது அதுக்குள்ள இருக்கிற டிஎன்ஏ துண்டு துண்டா உடைஞ்சு ரத்தத்துல மிதக்கும். இவங்க ரத்தத்துல பெரும்பாலும் இவங்க துண்டுதான் இருக்கும். ஆனா கிட்னி உங்களோடது இல்லையா? அதுல சாகிற செல்லு உங்க டிஎன்ஏவ விடும். அது துளியூண்டு இருந்தா கிட்னி நல்லாருக்குன்னு அர்த்தம். ஏறுச்சுன்னா, உடம்பு கிட்னியோட சண்டை போடுது, அதிகமா செல்லு சாகுதுன்னு அர்த்தம். முன்னெல்லாம் இதத் தெரிஞ்சுக்க கிட்னியில ஊசிய விட்டு சதை எடுக்கணும். இப்ப முதல்ல இதுலயே ஒரு துப்பு கிடைச்சிடுது."

செக்கரம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. பஸ்ஸின் தரையில் கிடக்கிற கிழிந்த டிக்கெட்டைப் பொறுக்கிப் பார்த்து எவன் எங்கே ஏறினான் என்று சொல்லக்கூடியவள் அவள். உடம்புக்குள்ளேயும் அப்படி ஒரு சோதனை நடக்கிறது என்றால் கசக்குமா? அன்றிலிருந்து ஒரு தடவை கூட அவள் மருமகளை டாக்டரிடம் தனியாக விட்டதில்லை. "கிட்னிக்குச் சொந்தக்காரி நான் வெளிய உக்காரணுமா?" என்று முதல் ஆளாக உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

எப்போதும் செக்கரம்மாவின் டிஎன்ஏ அளவு ஒரு சதவீதத்துக்குள் அடங்கி இருக்கும். இந்த முறை தாண்டிவிட்டது.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "மாத்திரை எல்லாம் ஒழுங்கா போட்டுக்கிறீங்களாம்மா?"

"போட்டுக்கிறேன் டாக்டர்."

வாய் அப்படிச் சொன்னது. மடியில் கிடந்த இடது கை கைப்பையின் வாரைத் திருகு திருகு என்று திருகியது. செக்கரம்மாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பொய்! அப்பட்டமான பொய்! இத்தனை வருடம் பார்க்காத கையா?

"ஒரு தடவை ஏறினத வச்சு முடிவு பண்ண வேண்டாம். ரெண்டு வாரம் போகட்டும், திருப்பி எடுப்போம். அப்பவும் ஏறியிருந்தா கிட்னியில ஊசிய விட்டு சதை எடுத்துப் பாத்துடலாம்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் செக்கரம்மா கண்ணில் விளக்கெண்ணெயை ஊற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். சாப்பாட்டு மேஜையில் மருமகளுக்கு எதிரே உட்காராமல், சமையலறை வாசலில் வெங்காயம் உரிக்கிற சாக்கில் பக்கவாட்டில் உட்கார்ந்தாள். மருமகள் மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டினாள், வாயில் போட்டாள், தண்ணீர் குடித்தாள், அண்ணாந்தாள். எல்லாம் சரி. அப்புறம் துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கையை நைட்டியின் பைக்குள் விட்டு வெளியே எடுத்தாள்.

அன்று துணி துவைக்கப்போன செக்கரம்மா அந்தப் பையைத் துழாவினாள். எச்சில் பட்டு ஓரம் கரைந்த, நீளமான ஊதா நிற மாத்திரை ஒன்று விரலில் தட்டுப்பட்டது.

கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. வேறு மாமியாராக இருந்தால் வீடே இரண்டுபட்டிருக்கும். செக்கரம்மா கத்தவில்லை. ஓடுகிற பஸ்ஸில் டிக்கெட் இல்லாதவனைப் பார்த்துக் கத்தினால், அவன் குதித்து மண்டையை உடைத்துக்கொள்வான் என்று அவளுக்குத் தெரியும். வாஷிங் மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அப்படியே நின்றாள். ஏன்? ஏன் இந்தப் பெண் இப்படிச் செய்கிறாள்? அந்த மாத்திரையால் முடி கொட்டுகிறது என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். அழகு கெடுகிறதாமா? இல்லை, மாமியார் போட்ட பிச்சை என்று உள்ளுக்குள் குமைகிறாளா? என் உடம்பை அறுத்துக் கொடுத்தது அவ்வளவு இளக்காரமாகப் போய்விட்டதா? நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

மகனிடம் சாடைமாடையாகப் பேச்சைக் கொடுத்துப் பார்த்தாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டிடத்திலாவது யாராவது மாட்டிக்கொண்டே இருப்பார்கள். அவன் ஓடிக்கொண்டே இருப்பான்.

"உன் பொண்டாட்டி மாத்திரைய எல்லாம் ஒழுங்கா முழுங்குறாளாடா?"

"அவ என்ன சின்னக் குழந்தையாம்மா? குழந்தைக்கு வைக்கிறத விட அவமேல நீ வச்சிருக்கிற காவல் பெருசா இருக்கு. கொஞ்சம் விடேன்."

சரி, இவன் உதவ மாட்டான். மருமகளைக் கேட்டால் பூசி மெழுகுவாள். டாக்டரிடம் சொன்னால் அவர் நாலு நல்ல வார்த்தை சொல்வார், இவள் தலையை ஆட்டுவாள், வீட்டுக்கு வந்து மறுபடி பைக்குள் போடுவாள். இடையில் போவது யாருடைய கிட்னி? இந்தக் கிட்னி கெட்டால் மறுபடியும் அந்த மெஷின், அந்தக் குழாய், சாம்பல் பூத்த அந்த முகம். இன்னொன்று கொடுக்க செக்கரம்மாவிடம் மிச்சம் இருப்பதோ ஒன்றே ஒன்று. அதையும் கேட்டால் கொடுத்துவிடுவாள், அது வேறு விஷயம். டாக்டர்கள் விட மாட்டார்கள்.

மாதாமாதம் மாத்திரை வாங்கி வருவது அவள்தான். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு பெட்டியை எப்போதும் தன் அலமாரியில் கூடுதலாக வைத்திருப்பாள். அதிலிருந்து ஊதா மாத்திரையை எடுத்தாள். கரண்டியின் முதுகால் நசுக்கினாள். மாவாகும்வரை நசுக்கினாள். மருமகளின் காபியில் போட்டு, சர்க்கரையை ஒரு கரண்டி தூக்கலாகப் போட்டுக் கலக்கினாள்.

"இந்தா, சூடா குடி."

மருமகள் ஒரு வாய் குடித்தாள். புருவம் லேசாகச் சுருங்கியது. மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முழுவதையும் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். செக்கரம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். யாரிடம் உன் வேலையைக் காட்டுகிறாய்? நீ பையில் போடு, நான் டம்ளரில் போடுகிறேன். யார் ஜெயிக்கிறார்கள் பார்க்கலாம்!

மாலைக் காபியிலும் கலந்தாள். மறுநாளும் கலந்தாள். அதற்கடுத்த நாளும் விடவில்லை. ஒரு நாள் காலையில் குளியலறையில் மருமகள் ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது. செக்கரம்மா கதவுக்கு வெளியே நின்று காதைக் கொடுத்தாள். "என்னம்மா ஆச்சு?" என்றதற்கு, "ஒண்ணுமில்ல அத்தை, நேத்து கடையில சாப்பிட்டது சேரல" என்று பதில் வந்தது. இதுவும் பொய். நேற்று அவள் கடையில் எதையும் சாப்பிடவில்லை; கொடுத்தனுப்பிய டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்ததை செக்கரம்மா திறந்து பார்த்திருந்தாள். நிறுத்தின மாத்திரை திரும்ப உள்ளே போகிறது, அதுதான் வயிற்றைப் புரட்டுகிறது என்று அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். புரட்டட்டும். உயிர் போவதைவிட வயிறு புரளுவது மேல்.

இரண்டாம் தடவை ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்த அன்று டாக்டர் போன் செய்து, மகனையும் அழைத்துவரச் சொன்னார். மகன் வேலையைப் பாதியில் விட்டு, கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தான்.

"அளவு இன்னும் ஏறியிருக்கு" என்றார் டாக்டர். "ஆனா ஒரு விநோதம். லேப்ல உங்க ரத்த சாம்பிளும் இருக்கு பாருங்க, கிட்னி குடுத்தப்ப எடுத்தது. அத வச்சு ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க. இவங்க ரத்தத்துல, இவங்களுதும் இல்லாத, உங்களுதும் இல்லாத துண்டுங்க கிடக்கு."

"அப்படீன்னா?"

"மூணாவதா ஒரு ஆளோடது."

செக்கரம்மா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். "எனக்கு அப்பவே தெரியும்! உங்க லேப்ல ட்யூப மாத்தி வச்சுட்டாங்க. எவனோ ஒருத்தன் ரத்தத்தக் கொண்டாந்து இவ தலையில கட்டுறீங்களா? இல்ல... இல்ல, உண்மையச் சொல்லுங்க. இவளுக்கு வச்சது என் கிட்னிதானா? என்னுத எடுத்து வேற யாருக்காவது வச்சுட்டு..."

"அம்மா, உக்காரும்மா, மானத்த வாங்காத" என்று மகன் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

டாக்டர் சிரிக்கவில்லை. "ட்யூப் மாறல. ஏன்னா அந்த மூணாவது ஆளோட துண்டுங்கள்ல ஒரு பங்கு உங்களோட ஒத்துப்போகுது. உங்க சொந்தத்துல ஒரு ஆள்தான்." பிறகு மருமகள் பக்கம் திரும்பி, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார். "உங்களுக்கு நாள் தள்ளிப்போயிருக்காம்மா?"

மருமகள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். திருகவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

மகன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். அவனுக்கும் தெரியாது என்பது அந்த முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

டாக்டர் விளக்கினார். கருவில் இருக்கிற குழந்தையின் துண்டுகளும் தாயின் ரத்தத்தில் கலக்குமாம். அதில் பாதி தகப்பன் கொடுத்தது. தகப்பனுடையதில் பாதி செக்கரம்மா கொடுத்தது. பரிசோதனைக்கு எது கிட்னி, எது குழந்தை என்று தெரியாது. எல்லாவற்றையும் சேர்த்து வேற்று ஆள் என்று கணக்குக் காட்டிவிட்டது. குழந்தையின் பங்கைக் கழித்துப் பார்த்தால் கிட்னியின் அளவு எப்போதும் போல அடக்கமாகத்தான் இருக்கிறது. "சிறுநீர், கிரியாட்டினின் டெஸ்ட் எல்லாம் நல்லாவே இருக்கு. இப்பவே ஒரு ஸ்கேன் எடுத்து உறுதி பண்ணிக்கலாம். ஊசி இப்போதைக்குத் தேவையில்ல."

செக்கரம்மா மெதுவாக உட்கார்ந்தாள். இந்தப் பெண்ணின் உடம்பில் ஒன்றுக்கு இரண்டு இடத்தில் தான் இருக்கிறோமா? நிபந்தனை போட்டவள் அவள்தான். அதை மீறியிருக்கிறார்கள். கோபம் வரவேண்டும். கோபத்தைத் தேடித் தேடிப் பார்த்தாள், வரவில்லை. உதடு தானாக விரிந்தது. பேரப்பிள்ளை!

"ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்று மட்டும் கேட்டாள்.

"சொன்னா வேண்டாம்பீங்க அத்தை. டாக்டர்கிட்ட தனியா சொல்லலாம்னு பாத்தேன், நீங்க கூடவே இருந்தீங்க. மூணு மாசம் முடிஞ்சுட்டா அப்புறம் யாரும் கலைக்கச் சொல்ல மாட்டாங்கன்னு..." மருமகள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள். "அந்த ஊதா மாத்திரை குழந்தைக்கு ஆகாதுன்னு நீங்க முன்னாடி ஒரு தடவை சொல்லியிருக்கீங்க. அதான் தெரிஞ்ச அன்னைக்கே அத நிறுத்திட்டேன். மத்ததெல்லாம் போட்டுக்கிறேன். சத்தியமா."

டாக்டர் பெருமூச்சு விட்டார். "எங்ககிட்ட சொல்லாம நிறுத்தினது பெரிய தப்பு. அதுக்குப் பதிலா வேற மாத்திரை குடுத்திருப்போம். ஆனா குழந்தை விஷயத்துல நல்லவேளை. இந்த வாரங்கள்லதான் காது, உதடு, இதயம் எல்லாம் உருவாகுது. அந்த மாத்திரை உள்ள போய்க்கிட்டே இருந்தா கரு கலையலாம், குறையோட உருவாகலாம். சீக்கிரமே நிறுத்தினதால ஆபத்து குறைவு. எனக்கு ஆச்சரியம் என்னன்னா, நிறுத்தியும் கிட்னி கொஞ்சம் கூட முரண்டு பண்ணல."

அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று இந்த உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும்.

செக்கரம்மா தான் கொடுத்த காபி டம்ளர்களை எண்ணிப் பார்த்தாள். காலையில் கூட. இதோ, இங்கே கிளம்புவதற்கு முன்னால் கூட. ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன்! டம்ளரைக் கழுவியாயிற்று. கரண்டியைக் கழுவியாயிற்று. வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் பிரம்மனாலும் கண்டுபிடிக்க முடியாது. நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆனாலும் மாத்திரையின் மேல், வியாதியின் மேல், விதியின் மேல் பழியைப் போட்டுவிடலாம். அவளைச் சந்தேகப்பட ஒரு ஆள் கிடையாது. சந்தேகப்படுகிற வேலையை அந்த வீட்டில் அவள் யாருக்கும் விட்டு வைத்ததில்லை.

டாக்டர் கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்தார். "அப்ப, ஆரம்பத்திலேயே நிறுத்திட்டாங்கன்னு போட்டுக்கிறேன்."

"போடாதீங்க டாக்டர்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செக்கரம்மாவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"மாத்திரை நிக்கல. அவ நிறுத்தினாலும் நான் நிறுத்தல. நைட்டிப் பையில மாத்திரையப் பாத்தேன். கிட்னி போயிடுமேன்னு பயந்துட்டேன். நசுக்கி, அவளுக்குத் தெரியாம, காலையிலயும் சாயங்காலமும்... இன்னைக்குக் காலையில வரைக்கும் குடுத்துட்டேன்."

"அம்மா!" என்று மகன் போட்ட சத்தத்தில் வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "நீயெல்லாம் மனுஷியா? ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? அவகிட்ட வேண்டாம், என்கிட்டயாவது கேக்கக் கூடாதா?"

அவனிடம் கேட்டாள்தான். கேட்டது போலவா கேட்டாள்?

டாக்டர் அவனைக் கையமர்த்திவிட்டு, எவ்வளவு, எத்தனை நாள், எப்படி என்று கேட்டார். அவள் ஒளிக்காமல் சொன்னாள். அவர் முகத்தில் அதற்கு முன் இருந்த நிம்மதி போய்விட்டது. "இப்ப எதையும் உறுதியா சொல்ல முடியாது. ஒண்ணும் ஆகாம நல்லபடியா பொறந்த குழந்தைங்களும் உண்டு. அப்படி இல்லாததும் உண்டு. உடனே மாத்திரைய மாத்துவோம். ஒவ்வொரு உறுப்பா ஸ்கேன்ல பாக்கணும். சிலது தெரிய மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் காத்திருக்கிறதத் தவிர வேற வழியில்ல."

செக்கரம்மா மருமகளின் பக்கம் திரும்பினாள். அடிப்பாள், கத்துவாள், இனி உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்பாள் என்று எதிர்பார்த்தாள். அப்படி ஏதாவது செய்தால் தேவலை என்று கூட இருந்தது. மருமகள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, எதையோ ஞாபகப்படுத்திப் பார்க்கிறவள் போல உட்கார்ந்திருந்தாள்.

"காபியிலயா அத்தை?"

"ஆமாம்மா."

"ரொம்பக் கசந்துது. மாசமா இருக்கிறதால என் வாய்தான் அப்படி ஆயிடுச்சுன்னு நெனச்சேன்." அவள் மாமியாரை நேராகப் பார்த்தாள். "மீதி வச்சா உங்களுக்குச் சந்தேகம் வந்துடுமேன்னு, ஒவ்வொரு தடவையும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு கடைசிச் சொட்டு வரைக்கும் குடிச்சேன்."